கிதார், ஆம்ப், பெடல்: பொழுதுபோக்கு வாசிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிதார் வாசித்து வருகிறேன். அந்தக் காலத்தில் பாதியைப் பழுதான பெடல்களை, அதாவது கிதாருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிக்கும் நடுவே காலால் இயக்கி ஒலியை மாற்றும் பெட்டிகளை, திறந்து பற்றவைப்பதில் செலவிட்டிருக்கிறேன். பேஸ் கிதாரும் ஒலிப்பதிவு மென்பொருளும் நான் அறிந்த பரப்புக்கு வெளியே இருப்பவை. மற்றவற்றைக் கேளுங்கள்.

புதுவிரல்: ஐயா, அகூஸ்டிக் கிதாரில் பழகிய பிறகே எலெக்ட்ரிக்குக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எனக்கு விருப்பம் எலெக்ட்ரிக்கில்தான். என்ன செய்வது?

பதில்: எலெக்ட்ரிக்கையே வாங்குங்கள். விரல் முதலில் காய்த்துப்போக வேண்டும் என்பது தவத்துக்குப் பொருந்தலாம், இசைக்குப் பொருந்தாது. எஃகுக் கம்பி அகூஸ்டிக்கில் மிக மெல்லிய கம்பி பெரும்பாலும் 0.012 அங்குலத் தடிமனில் இருக்கும். எலெக்ட்ரிக்கில் அது 0.009 அல்லது 0.010 ஆக இருக்கும். ஆகவே தொடக்கத்தில் எலெக்ட்ரிக்தான் கைக்கு எளியது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார்களில் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரையிலான கம்பி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பால் வகையில் ஏறத்தாழ 24.75 அங்குலம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், குட்டையான அளவில் அது சுமார் 6 விழுக்காடு குறையும். எண்ணாகப் பார்த்தால் சிறிது. கம்பியை வளைத்து இழுக்கும்போது விரலுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாலைவாசிப்பு: பயன்படுத்திய எலெக்ட்ரிக் கிதார் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: இப்படிப்பட்ட கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வண்ணத்தையும் கீறல்களையும் மறந்துவிட்டுக் கழுத்திலிருந்து தொடங்குங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை, அதாவது தடித்த காகிதம் ஒன்று நுழையும் அளவு இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. அதைவிட மிகுதியாக இருந்தாலோ, இடைவெளியே இல்லாவிட்டாலோ உடனே ஒதுக்கிவிட வேண்டாம். கழுத்தினுள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு அதைச் சரிசெய்யத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்டின் திருகு உண்மையில் திரும்புகிறதா என்பதை விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இறுகிப்போன ட்ரஸ் ராட் உள்ள கிதாரை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒன்றுவிடாமல் வாசியுங்கள். எங்காவது நாதம் செத்து விழுந்தாலோ இரைந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தால், ஃப்ரெட்டுகளை மட்டப்படுத்தும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக் ஒலியும் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்று சுருதி காட்டும் டியூனரில் பாருங்கள். சிறிய வேறுபாட்டை பிரிட்ஜில் கம்பி அமரும் சேணத்தை முன்பின்னாக நகர்த்திச் சரிசெய்துவிடலாம். குமிழ்களைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான் காரணம். அது அஞ்ச வேண்டிய குறையல்ல.

ஒலித்தேடி: முதல் பெடலாக எதை வாங்கலாம்?

பதில்: டியூனர். சலிப்பூட்டும் பதில் என்பதை அறிவேன்.

ஒலித்தேடி: டியூனர் என்னிடம் இருக்கிறது. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் ஆகிய மூன்றும் வேறு வேறா, ஒன்றுதானா?

பதில்: மூன்றும் அலையின் உச்சியை வெட்டுகின்றன; எப்படி வெட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. 1979இல் வந்த டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவில் டையோடுகள் பெருக்கிச் சில்லின் பின்னூட்டப் பாதையில் அமர்ந்திருக்கின்றன. அவை உச்சியை மழுக்குகின்றன, ஆனால் மூல அலையும் கூடவே வெளியேறுவதால் விரலின் அழுத்தம் ஒலியில் தெரிகிறது. அந்தச் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துவிடும்; தனியாக வாசிக்கும்போது ஒலி மெலிந்ததாகத் தோன்றினாலும், குழுவில் பேஸுக்கும் தாளக் கருவிகளுக்கும் நடுவே கிதார் தெளிவாகக் கேட்பதற்கு அதுதான் காரணம். 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1 போன்ற டிஸ்டார்ஷனில் அலையை முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு டையோடுகள் வழியே சுற்றின் நில இணைப்புக்கு இறக்கி வெட்டுகிறார்கள். ஆகவே வெட்டு கூர்மையானது. 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோனுடன் கடைகளுக்கு வந்த ஃபஸ் எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானது: டிரான்சிஸ்டர்களைத் தாங்கும் எல்லைக்கு அப்பால் தள்ளி, அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாக்கிவிடுகிறது. முதல் பெடலுக்கு ஓவர்டிரைவே என் தேர்வு, ஏனெனில் கிதாரின் ஒலிக் குமிழைக் குறைத்தாலே அது தூய ஒலிக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம்கை: வீட்டில் பழைய அடாப்டர் ஒன்று கிடக்கிறது. அதன் முனை பெடலில் சரியாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: முனை பொருந்துவது எதற்கும் சான்றல்ல. இந்த எச்சரிக்கையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்னோட்டம், நடுமுனை எதிர்மின்வாய் என்ற அமைப்பு வேண்டும். மற்ற மின்கருவிகளோடு வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்வாயாக இருக்கும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும், முனைவாய் ஒத்துப்போக வேண்டும், மில்லி ஆம்பியர் மட்டும் தேவைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 18 வோல்ட் அடாப்டரை, எதிரொலி தரும் 9 வோல்ட் டிலே பெடலில் ஒருமுறை கவனக்குறைவாகச் செருகினேன். அந்த மணம் அறையைவிட்டுப் போக இரண்டு நாளாயிற்று, டிலே திரும்பவே இல்லை.

வைரமரம்: மஹோகனி உடல் கொண்ட கிதாருக்கும் பாஸ்வுட் உடல் கொண்டதற்கும் ஒலியில் எவ்வளவு வேறுபாடு இருக்கும்? பாஸ்வுட் மந்தமாக ஒலிக்கும் என்று விற்பனையாளர் சொன்னார்.

பதில்: ஆம்பில் செருகிய எலெக்ட்ரிக் கிதாரில் உடல் மரம் கடைசியில் வர வேண்டிய கவலை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுச் செம்புக் கம்பி. எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப் புலம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. அதற்கு மரம் தெரியாது. லெஸ் பால் 1940 வாக்கில் நான்கங்குல மரக்கட்டை ஒன்றின் மேல் பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். டேன்எலெக்ட்ரோ நிறுவனம் 1950களில் மரத்தூள் அழுத்திய பலகையில் கிதார் செய்தது. 1969இல் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் உடலில் ஆம்பெக் நிறுவனம் கிதார் வெளியிட்டது. இவை எல்லாம் கிதாராகவே ஒலித்தன.

கருங்காலி: ஐயா, மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கிதார்கள் என்னிடம் இருக்கின்றன. பிக்கப்பும் ஒன்றே, ஒலி மட்டும் வேறு. மரமல்லாமல் வேறெது காரணமாக இருக்க முடியும்?

பதில்: பலவும் இருக்க முடியும். குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்தடைகளில் 20 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு சாதாரணம்; 250 கிலோ ஓம் என்று அச்சிட்டது 200 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம், அந்த அளவு மாறினாலே உச்ச ஒலி மங்கும் அல்லது பளிச்சிடும். பிக்கப்பின் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடும் காதுக்குத் தெரியும். முதலில் இரண்டிலும் கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து சமமாக்குங்கள், புதிய கம்பிகளை ஒரே நாளில் மாற்றுங்கள், பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கருங்காலி: அளந்து சமமாக்கினேன். வேறுபாடு குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மறையவில்லை. ஒரு கிதாரில் மூன்றாம் கம்பியின் ஏழாவது ஃப்ரெட் ஒலி மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. இதற்கும் மின்தடைதான் காரணமா?

பதில்: இல்லை, இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை இறந்த புள்ளி என்பார்கள். கழுத்து தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஆட விரும்புகிறது. கம்பியின் சுருதி அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது கம்பியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மரம் கம்பியின் மீது செயல்படுகிறது, கம்பி வழியாகப் பிக்கப்புக்கும் அது எட்டுகிறது. மரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்ற தொனியில் நான் மேலே எழுதியது மிகை. ஆனால் இங்கே பேசுவது கழுத்தின் விறைப்பும் எடைப் பங்கீடும்தான். மர இனத்தின் பெயரைக் கொண்டு அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளே வேறு வேறு எடையில் இருக்கும். தலைப்பகுதியில் சிறிய இடுக்கி ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். எடை கூடுவதால் இறந்த புள்ளி வேறு ஃப்ரெட்டுக்கு நகரக்கூடும்.

வைரமரம்: அப்படியானால் அகூஸ்டிக் கிதாரிலும் மரம் முக்கியமில்லையா?

பதில்: அங்கே கதை தலைகீழ். அகூஸ்டிக்கில் ஒலியைக் காற்றுக்குக் கொடுப்பதே மேல்பலகைதான். ஸ்ப்ரூஸும் சீடரும் அதற்கு உகந்தவையாக இருப்பது எடைக்கு மிஞ்சிய விறைப்பால். ஒற்றைப் பலகையா, ஒட்டுப்பலகையா என்பதை வாங்கும்முன் ஒலித்துளையின் விளிம்பில் பாருங்கள். ஒற்றைப் பலகையில் ரேகைகள் விளிம்பின் தடிமன் வழியே தொடர்ந்து ஓடும்.

இலையுதிர்: கழுத்துப் பலகை ரோஸ்வுட்டா, மேப்பிளா…

பதில்: மரத்தைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதமாட்டேன். விரலுக்கு எது பிடிக்கிறதோ அது.

நீள்கேபிள்: ட்ரூ பைபாஸ் பெடல்களே சிறந்தவை என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அணைத்ததும் ஒலியைத் தன் சுற்றைத் தொடாமல் நேரே கடத்திவிடும் அமைப்பே ட்ரூ பைபாஸ். கிதார் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கும். பிக்கப்பின் மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு உச்சியை உண்டாக்குகின்றன. மின்தூண்டல் 2.5 ஹென்றி என்று கொண்டால், 5 மீட்டர் கேபிளில் அந்த உச்சி ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸில் நிற்கும்; 15 மீட்டரில் 2,600 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கம்பளியைப் போர்த்தியது போன்ற ஒலி அதனால்தான் வருகிறது. எல்லாமே ட்ரூ பைபாஸாக இருந்தால், அணைத்து வைத்த பெடல்களுக்கு இடையே உள்ள கேபிள்கள் அனைத்தும் இந்த நீளத்தில் சேரும். வரிசையின் தொடக்கத்தில், நீண்ட கேபிளிலும் ஒலி மங்காமல் தள்ளும் பஃபர் என்ற சுற்று ஒரே ஒன்று இருந்தால் சிக்கல் தீர்ந்தது. மூன்று பெடலும் குட்டைக் கேபிளும் மட்டும் உள்ளவர் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

நள்ளிரவு: ஹெட்ஃபோனில் வாசித்தால் டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம் போல் இரைகிறது. பெடல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் செங்குத்தாகக் குறைத்துவிடும்; ஹெட்ஃபோன் குறைக்காது. ஸ்பீக்கர் பாவனை உள்ள கருவி ஒன்றைக் கடைசியில் சேருங்கள்.

முதல்படி: அண்ணா, ஓவர்டிரைவ் வாங்கவா, டிஸ்டார்ஷன் வாங்கவா?

பதில்: மேலே ஒலித்தேடிக்கு எழுதியதைப் படியுங்கள்.

நைலான்: நைலான் கம்பிக் கிதாரில் எலெக்ட்ரிக் பிக்கப் பொருத்தலாமா?

பதில்: காந்தப் பிக்கப் நைலானை உணராது, அதிர்வின் அழுத்தத்தை உணரும் பீசோ வகை வேண்டும்.

தாழ்சுருதி: பேஸ் கிதாருக்கு எந்த கம்ப்ரஸர் நல்லது?

பதில்: முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன். பேஸ் வாசிப்பவர் ஒருவரைக் கேளுங்கள்.

வேகவிரல்: மடிக்கணினியின் சார்ஜரால் பெடலை இயக்கலாமா?

பதில்: கூடாது. அதன் வெளியீடு பெரும்பாலும் 19 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டாம்கைக்கு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்டீர்களா?

ஏழுபெடல்: ஐயா, என்னிடம் ஏழு பெடல்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் கொடுக்கிறேன். வோல்ட்டையும் முனைவாயையும் சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் இரைச்சல் தாங்கவில்லை. எதை மாற்றுவது?

பதில்: சரிபார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. எதையும் வாங்குவதற்கு முன் கிதாரின் ஒலிக் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது கிதாரிலிருந்து வருவது. குமிழைத் திரும்ப ஏற்றி, உடலை மெல்லச் சுழற்றுங்கள். திசைக்கேற்ப இரைச்சல் கூடிக் குறைந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப் அருகிலுள்ள மின்கருவிகளின் காந்தப் புலத்தைப் பிடிக்கிறது. அவற்றிலிருந்து இரண்டடி தள்ளி உட்காருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. ஆனால் தொடும்போது விரலில் சிறு மின்னதிர்வு தெரிந்தால், ஆம்பின் செருகியைப் பிடுங்கிவிட்டு, சுவர் இணைப்பின் நில இணைப்பை மின்பணியாளரிடம் காட்டும்வரை வாசிக்க வேண்டாம்.

சுழியத்திலும் இரைச்சல் தொடர்ந்தால் காரணம் பெடல் வரிசையில் இருக்கிறது. ஒலி கனத்த உறுமலாக இல்லாமல் மெல்லிய கீச்சொலியாக இருந்தால் டிஜிட்டல் பெடல் ஒன்றின் மேல் ஐயம் கொள்ளுங்கள். எளிய ஓவர்டிரைவ் பெரும்பாலும் சில மில்லி ஆம்பியர்களிலேயே ஓடிவிடும். டிஜிட்டல் டிலேயோ ரிவெர்போ 100 முதல் 300 வரை கேட்கும், அத்துடன் தன் உள்கடிகாரத்தின் துடிப்பைப் பொதுவான மின்கம்பி வழியே மற்றவற்றுக்கும் அனுப்பிவிடும். அந்தப் பெடலின் மின்கம்பியை மட்டும் கழற்றி, அதற்குத் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். கீச்சொலி நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. மற்ற ஆறும் பழைய கிளையிலேயே இருக்கலாம்.