வாசகர் கேள்வி பதில்: சாய்வுச் சைக்கிளுக்குக் காபன் சில்லும் வலுமானியும்

கேள்வி: ஜேர்மனியிலுள்ள மைத்துனர் முன்பொருமுறை கொண்டுவந்து விட்டுச்சென்ற, சாய்ந்திருந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சாய்வுச் சைக்கிளில், பரந்தனிலிருந்து பூநகரிக்கும் ஆனையிறவுக்கும் இரண்டு வருடங்களாக ஓடி வருகிறேன். முன்சில்லு 20 அங்குலம், பின்சில்லு 700சி, இரண்டுக்கும் டிஸ்க் பிறேக். பெடலைத் தாங்கும் கிறாங்கின் நீளம் 155 மி.மீ. பழைய காயத்தினால் எனது இடக்காலுக்கு வலக்காலின் பலம் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் மைத்துனர், 50 மி.மீ. ஆழமான காபன் சில்லுச் சோடியொன்றும், இடப்பக்கக் கிறாங்கில் பொருத்தும், மிதிக்கும் வலுவை வாற்றில் காட்டும் வலுமானியொன்றும் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்லலாம்?
— வாசகர், பரந்தன்

பதில்: வலுமானி வாங்கலாம், ஆனால் அவர் சொல்லும் வகை உங்களுக்கு ஒத்துவராது. அது இடக்காலின் உழைப்பை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுவது. இடக்கால் 70 வாற்றும் வலக்கால் 90 வாற்றும் தரும் ஒருவரின் மொத்த வலு 160 வாற்று. அந்தக் கருவியோ 140 என்று சொல்லும். இரு கால்களும் எப்போதும் ஒரே விகிதத்தில் உழைத்தால் அந்தப் பிழையோடு பழகிக்கொள்ளலாம். காயப்பட்ட கால் முந்திக் களைத்துவிட்டால் விகிதமும் மாறிவிடுமாதலால், எண் இறங்கியதற்கு உடல் முழுவதும் சோர்ந்தது காரணமா, இடக்கால் மட்டும் சோர்ந்தது காரணமா என்று பிரித்தறிய வழியிராது. ஆகவே இரண்டு பெடல்களிலும் உணரி உள்ள சோடியையே கேளுங்கள். ஃபவேரோ அசியோமா, கார்மின் ராலி முதலியன இவ்வகையின. 155 மி.மீ. போன்ற குட்டைக் கிறாங்கில் வலுமானி தேடி அலைவதும் இதனால் மிச்சமாகும். இருக்கும் கிறாங்கிலேயே பெடலைப் பூட்டிக்கொள்ளலாம். கிரவல் வழியில் இறங்கி நடக்க நேரும் நமக்கு, அடியில் பெரிய பிளாஸ்டிக் பூட்டு வரும் சப்பாத்தைவிட, பூட்டு உள்ளடங்கியிருக்கும் எஸ்.பி.டி. வகையே தோது.

பூட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கிறாங்கின் நீளத்தைச் செயலியில் 155 என்று பதிவதாகும். பெடல் வலுமானி நேரடியாக அளப்பது கால் அழுத்தும் விசையை. அதனைக் கிறாங்கின் நீளத்தாலும் சுற்றும் வேகத்தாலும் பெருக்கித்தான் வலு பெறப்படுகிறது. சாதாரண சைக்கிளுக்குரிய 170 மி.மீ. அதில் கிடந்தால், நீங்கள் 150 வாற்று மிதிக்கும்போது கருவி ஏறத்தாழ 165 என்று காட்டி உங்களை மகிழ்விக்கும். சாய்வுச் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

வீட்டுக்குள் இருந்த சைக்கிளை வெயிலுக்கு எடுத்தால், சற்று நேரம் வெளிச்சூட்டுக்கு விட்டபின், பெடலில் கால் வைக்காமல் வலுமானியின் பூச்சியத்தைச் சரிசெய்யுங்கள். கால்கள் முன்னோக்கி மிதிப்பதால், சுற்றின் எந்த இடத்தில் விசை கூடியது என்று காட்டும் வட்டப்படம் ஏறக்குறைய காற்பங்கு வட்டம் திரும்பியிருக்கும். வலுவின் அளவு அதனால் பிழைபடாது. சாதாரண சைக்கிளில் வரும் நண்பரின் வாற்றோடு உங்கள் வாற்றை ஒப்பிட வேண்டாம். சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோல் இருந்து மிதிக்கும்போது தசைகள் உழைக்கும் விதமே வேறு.

இனிச் சில்லு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ, வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். காபன் சோடியால் அரைக் கிலோ குறைந்தாலும், வன்னியின் மட்டமான தார் வீதியில் அதனால் மிச்சமாவது கால் வாற்றுக்கு மேற்படாது. உருளல் தடைக் குணகம் (ரயர் உருளும்போது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.007 ஆகவுள்ள தடித்த ரயர்களை மாற்றி 0.004 உள்ள மெல்லிய பக்கச்சுவர் ரயர்களைப் போட்டாலோ ஏறத்தாழ 19 வாற்று மிச்சமாகும். காபன் சில்லுக்குக் கொடுக்கும் பணத்தின் சிறு பங்கே இதற்குச் செலவாகும்.

ஆழமான சில்லு காற்றை வெட்டும் என்பது உண்மைதான். பின்சில்லு உங்கள் முதுகுக்கும் கதிரைக்கும் பின்னால் ஒளிந்திருப்பதால் அங்கே அந்தப் பயன் குறைவு. வேண்டுமானால் கம்பிகளை மறைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மூடியொன்றை இருக்கும் சில்லிலேயே பூட்டலாம். முன்சில்லுக்கு மூடியும் வேண்டாம், 50 மி.மீ. ஆழமும் வேண்டாம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியில் மறிக்க ஒரு மரமுமில்லை. வடக்கே போகும் உங்களுக்குக் காற்று இடப்புறத்திலிருந்து அடிக்கும். சிறு சில்லுள்ள சாய்வுச் சைக்கிளின் கைபிடி இலேசானது; பக்கக் காற்றோடு, கடந்து செல்லும் பேருந்தின் காற்றும் சேர்ந்து முன்சில்லைத் தள்ளினால், உடம்பைச் சரித்துச் சமாளிக்கவும் அதில் இடமில்லை. காபன் றிம் குழியின் விளிம்பில் மோதி வெடித்தால் நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் செய்ய ஒன்றுமில்லை. அலுமினிய றிம் நெளிந்தால் தட்டியும் கம்பியை இறுக்கியும் வீடு வந்து சேர்த்துவிடுவார்.

20 அங்குலத்தில் நல்ல காபன் சில்லு அரிதாக இருப்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1933 இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் சாய்வுச் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45 கி.மீ. தாண்டியதும், மறு வருடமே அனைத்துலகச் சைக்கிள் சங்கம் அவ்வகை வண்டிகளைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்துக்கென வரும் சில்லுகள் அதனால் 622 என்னும் பெரிய அளவிலேயே (றிம்மில் ரயர் அமரும் விட்டம் மி.மீ. இல்; 700சி என்பதும் இதுவே) வருகின்றன.

ரயர் சொல்லியனுப்பும்போது அங்குலத்தைச் சொல்ல வேண்டாம். 20 அங்குலம் என்ற பெயரில் 406, 451 என இரண்டு அளவுகள் உண்டு; ஒன்று மற்றதில் ஏறாது. ரயரின் பக்கத்தில் 40-406 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். 406 ஆனால், சிறுவர் சைக்கிள் ரயர் வழியில் ஆபத்துக்கு உதவும். பின்சில்லுக்கு அந்த வசதியில்லை: நம் கடைகளில் தொங்கும் 28 × 1½ ரயரின் அளவு 635, உங்களுடையது 622. மாற்று ரயர் ஒன்றும் ரியூப் இரண்டும் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்னால் இரண்டு சில்லுள்ள முச்சில்லுச் சாய்வு வண்டிக்குச் சாதாரண 20 அங்குலக் காபன் முன்சில்லைப் பூட்டலாமா?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: பூட்ட முடியாது. உங்கள் வண்டியின் முன்சில்லு ஒவ்வொன்றும் ஒரு பக்க அச்சில் மட்டுமே தாங்கப்படுகிறது. இரு பக்கமும் சைக்கிளின் முன்கவை (ஃபோர்க்) பிடிக்கும் சில்லின் நடுக்குடம் அதற்குப் பொருந்தாது. வண்டி வளைவில் சரியாதபடியால், இருசக்கர வண்டியின் சில்லு காணாத பக்கச்சுமையும் அதன்மேல் விழும். இருக்கும் குடத்திலேயே புதிய அலுமினிய றிம்மைக் கோர்ப்பித்துக்கொள்ளுங்கள்.