381654729 – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்த என் மைத்துனர் 381654729 என்று தாளில் எழுதிக் காட்டினார். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரு தடவை வருகிறது. முதல் இரண்டு இலக்கம் (38) இரண்டால் வகுபடும். முதல் மூன்று (381) மூன்றால். முதல் நான்கு (3816) நான்கால். இப்படியே ஒன்பது வரை மீதியில்லை. 3,62,880 விதமாக அடுக்கலாமாம், இது ஒன்றுதான் தேறுமாம். “தெய்வம் போட்ட எண்ணுவே, ஒரு பூஜ்யம் சேத்து போன் நம்பரா வாங்கிரும்” என்கிறார். கம்ப்யூட்டர் இல்லாமல் இதை ஒரு மனுஷன் கண்டுபிடிக்க முடியுமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் சொன்ன கணக்கு சரி. கம்ப்யூட்டரும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம். அம்பையில் பாசஞ்சர் ஏறி உட்கார்ந்தால் பேட்டை வருமுன் பென்சிலிலேயே முடித்துவிடலாம்.

பூஜ்யம் கிடையாது, எனவே ஐந்தாம் இடத்தில் 5. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டைப்படை. மிச்ச இடமெல்லாம் ஒற்றைப்படை. நான்காம் இடத்துக்கு முன்னால் ஒற்றைப்படை நிற்பதால், நான்கால் வகுபட அங்கே 2 அல்லது 6தான் வரலாம். எட்டாம் இடத்துக்கும் அதே கதி. ஆக 4, 8 இரண்டும் மற்ற இரண்டு இடங்களுக்கு.

முதல் மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட வேண்டும், முதல் ஆறுக்கும் அப்படியே. அப்படியென்றால் நடு மூன்றுக்கும் அதுதான் விதி. 254, 258, 654, 658 என்ற நான்கில் 258, 654 மட்டும் மிஞ்சும். மூன்றரை லட்சம் இங்கேயே படுத்துவிட்டது! எட்டின் விதியையும், முதல் மூன்று இலக்கத்துக்கான விதியையும் போட்டுப் பார்த்தால் பத்தே பத்து எண்கள். ஒன்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூட்டினால் எப்படியும் 45.

ஏழுக்கு மட்டும் கைக்கு வாகான குறுக்குவழி இல்லை, பத்தையும் வகுத்துத்தான் தீர வேண்டும். அந்தப் பத்தில் யார் இருக்கிறார் தெரியுமா? 987654321! எல்லாப் படியும் ஏறிவிட்டு ஏழில் மட்டும் மீதி 5 வைத்துச் சறுக்குகிறது. அதன் முதல் எட்டு இலக்கத்தை எட்டால் வகுத்தால் 12345679 வரும். ஜெயித்த எண்ணைவிட எனக்கு இந்தத் தோற்றவர்மேல்தான் பிரியம்.

இனி தெய்வ விஷயம். இந்தக் குணம் எண்ணுக்குள் இல்லை, நாம் பத்தை அடிமானமாக வைத்து, அதாவது பத்துப் பத்தாகக் கட்டி, எழுதுவதில் இருக்கிறது. எட்டு அடிமானத்தில் இப்படி மூன்று எண்கள் உண்டு. பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. ஒற்றைப்படை அடிமானம் எதிலும் கிடையாது, அங்கே கடைசிப் படி வகுபடவே செய்யாது. மைத்துனரின் தெய்வத்துக்கும் நம்மைப்போல் பத்து விரல்தான் போல.

ஒரே இலக்கம் திரும்ப வரலாம் என்று விட்டால் ஏணி இன்னும் நீளும். 3608528850368400786036725 வரை, 25 இலக்கம். அதற்கு மேல் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் 26ஆல் வகுபடாது. இதற்கு மட்டும் பாசஞ்சர் போதாது, கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுங்கள்.

போன் நம்பர்: 3816547290 பத்தாலும் வகுபடும்தான். ஆனால் நம் நாட்டில் மொபைல் எண் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும்.