நாலாவது சீட்

அன்புள்ள ஐயா,
மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் வீடு, ஐரோலியில் வேலை. ஒரு நாவல் தொடங்கி முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். விடுமுறைக்குப் போய்வரும் எங்கள் தஞ்சாவூர் கிராமம்தான் களம். எழுதியதைத் திரும்பப் படித்தால் குப்பையாகத் தெரிகிறது. மும்பையில் வளர்ந்தவனுக்குத் தமிழ் போதாதோ? பயிற்சிப் பட்டறைக்குப் போகலாமா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகப் பாதி உட்கார்ந்து மொபைலில் தட்டுகிறேன், பிழை பொறுக்கவும். மூன்று பேரும் முகம் பார்க்காமல் ஓர் இம்மி நகர்ந்து இடம் தந்தார்கள். இங்கே அதற்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை.
கா.

அன்புள்ள கா.,

படித்தேன். குப்பைதான். ஆற்றங்கரையில் மழை, திண்ணையில் தாத்தா, தூரத்தில் நாதஸ்வரம். தி. ஜானகிராமன் டெல்லி வானொலியில் வேலை பார்த்தபடியே தஞ்சாவூரை எழுதவில்லையா என்பீர்கள். அவர் அந்த மண்ணில் வளர்ந்தவர். நீங்கள் அவரைப் படித்து வளர்ந்தவர்.

ஆனால் அந்த 'இம்மி நகர்ந்து' எங்கிருந்து வந்தது? அதைத் தட்டும்போது தமிழ் போதுமா என்று யோசித்தீர்களா?

நான் வளர்ந்தது தாராவியில். எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிக்காரர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பையன் என்று சாயங்காலமானால் பெண்கள் இன்லேண்டு லெட்டரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓர் ஆச்சி இருந்தாள். ஊரிலிருக்கும் தங்கச்சிக்கு எழுதச் சொல்வாள். நான் 'நலம், நலமறிய அவா' என்று பள்ளிக்கூடத் தமிழில் நாலு வரி எழுதி வாசித்துக் காட்டினால் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது யாருல பேசுதது? மொதல்ல எரும ஈண்டுட்டான்னு கேளு" என்பாள். அந்த நீலத் தாளில் இடம் கொஞ்சம். அடித்துத் திருத்திப் பாழாக்கினால் இன்னொரு தாளுக்குக் காசு. கடைசிச் சேதியைப் பசை ஓரம்வரை நெருக்கி எழுதுவேன். மணியார்டரில் சேதி எழுதும் கூப்பன் அதைவிடச் சிறியது. பணத்தில் யாருக்கு எவ்வளவு, மிச்சத்தை எந்த மைத்துனன் கையில் கொடுக்கக்கூடாது, எல்லாம் அந்தத் துண்டுக்குள் வந்தாக வேண்டும். ஆச்சி ஒருநாளும் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்ததில்லை. தங்கச்சி அவள் கண்முன் நின்றுகொண்டிருந்தாள்.

உங்கள் அத்தியாயத்துக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? இலக்கியமா? அந்த ஆளுக்கு எந்த ஊர், என்ன வயசு, எருமை உண்டா? முகம் தெரியாத ஆளிடம் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். என்னிடம் பேசினீர்கள், ஒட்டவில்லை.

சந்தேகம் போகுமா என்றால் போகாது. பட்டறைக்குப் போனால் நாலு நண்பர்கள் கிடைப்பார்கள், போய்வாருங்கள். மும்பையில் வளர்ந்ததைச் சாக்காக மட்டும் இன்னொரு முறை சொல்லாதீர்கள், எரிச்சலாக வருகிறது. தானேயில் வண்டி மாறி வேலைக்குப் போகிற நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் தட்டுகிறவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. கோபமெல்லாம் அந்த நாதஸ்வரத்தின் மேல்தான்.

திண்ணைத் தாத்தா உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் எப்படி உட்காருகிறான், தானேயில் யார் எழுந்தார், அந்த இடத்தை நின்றவர்களில் யார் முன்பே சொல்லிவைத்திருந்தார் என்று. பாதிதானே உட்கார்ந்தாய், முழு டிக்கெட்டா வாங்கினாய் என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் எழுதுங்கள்.