சந்தையில் பார்த்த குத்துவாளை வாங்கலாமா?

டூசல்டார்ஃப் பழம்பொருள் சந்தையில் ஜெர்மன் ராணுவ அதிகாரிகளின் அலங்காரக் குத்துவாள் ஒன்றைப் பார்த்ததாகவும், பிடிக்குக் கீழே கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாமா, வீட்டுச் சுவரில் மாட்டலாமா, விடுமுறைக்குப் போகும்போது கோவையில் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். தம்பி, வாங்கலாம். மற்ற இரண்டும் வேண்டாம்.

நீங்கள் பார்த்தது 1935இல் தரைப்படை அதிகாரிகளுக்காக வந்த வகையாக இருக்கும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் குறுக்குக் காப்பில் கழுகு ஒன்று ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றிக்கொண்டு நிற்கும். ஒட்டுத்தாள் மறைப்பது அதைத்தான். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். வீட்டுக்குள் வைத்திருப்பதை மட்டும் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அதுவும் பொதுவெளிதான். நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படை வைத்திருந்த குத்துவாள் இன்னும் வில்லங்கம்: அதன் அலகில் பொறித்திருக்கும் முழக்கமே தடைசெய்யப்பட்டது. அதை மேடையில் சொன்ன அரசியல்வாதி ஒருவருக்கு 2024இல் ஹாலே நகர நீதிமன்றம் அபராதம் விதித்தது.

சட்டத்தை விடுங்கள். நம் வீட்டு வாசலில் மஞ்சளில் இடும் ஸ்வஸ்திகாவைப் பற்றி எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஜெர்மானியர்கள் நிறையப் பேர். கழுகின் காலில் இருப்பதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? வீட்டுக்கு வரும் அலுவலக நண்பர் ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான்.

வாள்வேலைப்பாடுதான் உங்களை இழுக்கிறது என்றால் கைசர் காலத்து, அதாவது ஜெர்மனியில் மன்னராட்சி இருந்த காலத்துக் கடற்படைக் குத்துவாளைத் தேடுங்கள். நான் சேர்ப்பது அதை மட்டும்தான். பிடியின் நுனியில் உள்ள குமிழ் மன்னர் முடி வடிவில் இருக்கும், பிடியைச் சுற்றி முறுக்குக் கம்பி, மெல்லிய அலகில் நங்கூரமும் பாய்மரக் கப்பலும் பொறித்திருக்கும், பித்தளை உறையில் மின்னல் கீற்றுப் போன்ற கோடுகள் ஓடும். முடியாட்சி போன பிறகு குமிழ் தீப்பிழம்பு ஆயிற்று; 1938இல் கழுகு ஆயிற்று. பழைய குமிழைத் திருகிக் கழற்றிவிட்டுக் கழுகைப் பொருத்திக்கொண்ட அதிகாரிகளும் உண்டு. ஒரே வாள், மூன்று அரசுகள்.

போலிகள் மலிந்த சந்தை இது. போருக்குப் பின் மிஞ்சிய உதிரிப் பாகங்களைக் கோத்து விற்றார்கள். பிறகு முழுப் போலிகளே வந்துவிட்டன. வாள் செய்த நிறுவனங்களின் முத்திரைகளான ஐக்ஹார்னின் அணில், டபிள்யூ.கே.சி.யின் அரசன் தலையும் வீரன் தலையும் என எல்லாவற்றையும் அச்சு அசலாகக் குத்திவிடுகிறார்கள். முத்திரையை நம்பாதீர்கள். முப்பதுகளின் பிடிகளில் பல செல்லுலாய்டு போர்த்தியவை. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூரம் மணக்கும். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது தீப்பிடிக்கும். குமிழைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

வாங்கினால் பூட்டிய பெட்டியில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இங்கே குத்துவாள் சட்டப்படி ஆயுதம். இடுப்பிலோ தோள்பையிலோ வைத்துக்கொண்டு திரிய முடியாது. 2024 ஆகஸ்டில் பக்கத்துச் சோலிங்கன் நகரத் திருவிழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சுங்கத்தில் ஆயுதச் சட்டம் ஒருபுறம், பழைய கடற்படைப் பிடி அசல் தந்தமாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் மறுபுறம். அப்பாவுக்குச் சோலிங்கனில் செய்த நல்ல சமையல் கத்தி ஒன்று வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்புங்கள், அம்மாவும் மகிழ்வார்.

காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அந்தச் சோலிங்கனுக்கே போய் வாருங்கள். இந்த வாள்களில் பெரும்பாலானவை பிறந்த ஊர் அதுதான். எஸ்1 ரயில் நேரே போகிறது. அங்கிருந்து கிரேஃப்ராத் பகுதிக்குப் போனால் பழைய மடாலயக் கட்டடத்தில் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. அசலைக் கண்ணாடிக்குள் நிதானமாகப் பார்த்துக் கண் பழகட்டும். பிறகு வேண்டுமானால் சொல்லுங்கள், சந்தைக்கு நானும் வருகிறேன்.