வெளுத்துப்போன தாய்க்கரைசல்

வணக்கம் ஐயா. கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் வெச்சிருக்கேனுங்க. முட்டையும் அஜினமோட்டோவும் கலந்து வெயிலில் வைத்து, வயலுக்கு விட சிவப்பு ஒளிச்சேர்க்கை பாக்டீரியா பெருக்குகிறேன். இந்தத் தடவை பத்து பாட்டிலும் நிறம் போய்விட்டது. கழிமுகங்களில் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை வைரஸ் கொல்வதாக எழுதியிருந்தீர்கள். இதுவும் அதுதானா? ஊற்றியது தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர்.

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கலாம். ஆனால் வைரஸைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

நான் எழுதியது சைனெக்கோகாக்கஸ் பற்றி. நீலப்பச்சைப் பாசி வகை. செடி மாதிரி ஆக்சிஜன் விடும். உங்கள் பாட்டிலில் வளர்வது ரோடோசூடோமோனாஸ் போன்ற ஊதா பாக்டீரியா, ஆக்சிஜன் விடாது. சைனெக்கோகாக்கஸின் வைரஸ் இதைத் தொடாது. இதற்கு வேறு வைரஸ்கள் உண்டு.

கழிமுக வைரஸின் சாமர்த்தியம் தனி. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதம் வெயிலில் ஓயாமல் பழுதாகும், செல் புதிது செய்து மாட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்ததும் செல்லின் மரபணுக்கள் அடங்கிவிடுவதால் அந்த வேலை நின்று, வைரஸ் பெருகவே ஆற்றல் இல்லாமல் போக வேண்டும். அதனால் அது டி1 மரபணுவைத் தானே சுமந்து வருகிறது. 2003இல் தெரியவந்த சங்கதி இது. செல்லும், தான் வெடிக்கும்வரை ஒளியை வாங்கி உழைக்கும்.

ஆக, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வைரஸ் என்றால் செல்கள் உடைந்து நீர் தெளியும். நிறம் மட்டும் போய்க் கலங்கலாகவே இருந்தால், பெரும்பாலும் காற்று புகுந்திருக்கும். ஆக்சிஜன் பட்டால் இவை நிறமி செய்வதை நிறுத்திவிடும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். அழுகிய நாற்றமா? முட்டை அதிகம், வேறு பாக்டீரியா முந்திவிட்டது. லிட்டருக்கு முட்டைக் கலவை ஒரு மேசைக்கரண்டி, தாய்க்கரைசல் (விதையாக ஊற்றும் பழைய சிவப்புக் கரைசல்) 100 மில்லி போதும். மழைநாளில் எல்இடி விளக்கடியில் வைக்கிறவர்களும் ஏமாறுவார்கள்: இவை விரும்புவது 800 நானோமீட்டருக்கு மேற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அது எல்இடியில் அநேகமாக இல்லை, பழைய குண்டு பல்பில் தாராளம்.

நீர் தெளிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த நீரைத் துணியில் வடித்து, பிறகு 0.2 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியில் தள்ளுங்கள் (நேரே தள்ளினால் அடைத்துக்கொள்ளும்). பாக்டீரியா நின்றுவிடும், வைரஸ் இறங்கிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் இளஞ்சிவப்பாக வளர்ந்துகொண்டிருக்கும் கரைசல் வாங்கி, 50 மில்லி வீதம் மூன்று குப்பி. முற்றிய கரைசல் வேண்டாம், வளராத செல்லில் வைரஸ் சரியாகப் பெருகாது. முதல் குப்பியில் வடிநீர் 1 மில்லி, இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆற்றிய வடிநீர் 1 மில்லி, மூன்றாவது சும்மா. முதலாவது மட்டும் தெளிந்தால் அதையும் வடிகட்டி, ஒரே ஒரு சொட்டு இன்னொரு புதுக் குப்பியில். அதுவும் தெளிந்தால் வைரஸ்தான். நஞ்சாக இருந்தால் இத்தனை நீர்த்தபின் வேலை செய்யாது.

வாய்க்கால் தண்ணீரை இனிக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். வைரஸும் சாகும், கரைந்த ஆக்சிஜனும் போகும். தெளிந்த பாட்டிலில் ஒன்றை மூடியபடி வெயிலிலேயே விட்டுவையுங்கள். சில நாளில் திரும்பச் சிவந்தால், வைரஸுக்கு மசியாத செல்கள் தப்பிப் பெருகியிருக்கலாம். வயலுக்கு விடலாம், மற்ற தாய்க்கரைசலோடு கலக்காதீர்கள், வைரஸ் அதற்குள்ளேயே இருக்கும்.