விறாந்தையில் மீன்குஞ்சு வளர்ப்பு: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட இடம் சும்மா கிடக்கிறது. கப்பி, பிளாட்டி போன்ற சிறிய மீன்களை அங்கே பெருக்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு பெரிய தொட்டி ஒன்றை வாங்கி எல்லா மீன்களையும் அதற்குள்ளேயே விட்டேன். பல தடவை குஞ்சுகள் பிறந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவை நான்குதான். இந்தச் சிறிய இடத்தில், அதிகம் செலவில்லாமல், இதை ஒழுங்காக அமைப்பது எப்படி?
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: தங்கைக்கு, "மிஞ்சியவை நான்குதான்" என்ற வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். கப்பியைக் குஞ்சு போட வைப்பதற்கு யாரும் சிரமப்படத் தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இருந்தால், ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒரு முறை, தாயின் வயதையும் பருமனையும் பொறுத்து 20 முதல் 50 வரையான குஞ்சுகள் தாமாகவே பிறந்துவிடும். ஆனால் அவற்றுள் பெரும்பகுதியைத் தாயும் மற்ற மீன்களும் அன்றைக்கே விழுங்கிவிடுகின்றன. தப்பியவையும் பெரிய மீன்களோடு போட்டியிட்டு இரை எடுக்க முடியாமல் வளர்ச்சி குன்றிப்போகின்றன. ஆகவே மீன் பெருக்க நினைப்பவர் குஞ்சுகள் வளரப்போகும் இடத்தைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். பெற்றோருக்கு ஒரு தொட்டி என்றால் குஞ்சுகளுக்கு மூன்று தொட்டி என்பது நான் பின்பற்றி வரும் கணக்கு.

உங்களிடம் உள்ள ஆறடி இதற்குத் தாராளமாகப் போதும். நாலரை அடி நீளம், இரண்டடி ஆழம் கொண்ட இரும்பு இறாக்கை ஒன்றை இரண்டு தட்டுகளோடு ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டிகளை அதில் குறுக்காக, அதாவது ஓரடிப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி அடுக்கினால், ஒரு தட்டில் நான்கு தொட்டிகள் நிற்கும். நீளவாக்கில் வைத்தால் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் நிற்காது. 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஒரு தொட்டி 45 லீற்றர் பிடிக்கும். கண்ணாடியையும் சேர்த்து ஏறத்தாழ 55 கிலோ என்று கொண்டால், ஒரு தட்டு 220 கிலோவைச் சுமக்க வேண்டியிருக்கும். எனவே மர மேசையையும் மெல்லிய தகட்டு அலுமாரியையும் இதற்கு நம்ப வேண்டாம். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால், குழாய் வைத்து அழுக்குத் தண்ணீரை வாளிக்குள் இறக்கலாம். மேல்தட்டுக்குக் கீழே, தொட்டியின் விளிம்புக்கு மேல் ஓரடியாவது வெளி விடுங்கள். கையும் வலையும் நுழைய முடியாத தொட்டியை யாரும் ஒழுங்காகத் துப்புரவு செய்வதில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே ரெஜிபோம் தகடு ஒன்று அவசியம் வேண்டும். இரும்பு சற்றே கோணலாக இருந்தாலும் கண்ணாடி வெடிக்காமல் அது காக்கும். எட்டுத் தொட்டிகளையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். நான்கோடு தொடங்கி, அவற்றைப் பராமரிக்கக் கை பழகிய பின் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

நான்குக்கும் ஒரு எயார் பம்ப் போதும். அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து, சிறு வால்வுகளால் பிரித்து, தொட்டிக்கு ஒரு ஸ்பொஞ்ச் பில்டர் என்று பொருத்துங்கள். மோட்டர் வைத்த பில்டர்கள் குஞ்சுகளை உறிஞ்சி இழுத்துவிடும். ஸ்பொஞ்ச் அப்படிச் செய்யாது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இயலாவிட்டால் ஒருவழி வால்வு போடுங்கள். நான் ஆரம்பித்த காலத்தில் பம்பை நிலத்தில் வைத்திருந்தேன். ஓரிரவு மின்சாரம் நின்றபோது தொட்டித் தண்ணீர் காற்றுக் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, விடியும்போது பம்பும் கெட்டு, தொட்டியில் நாலு விரல் தண்ணீரே மிஞ்சியிருந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கலத்தில் இயங்கும் சிறிய பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது வீண்செலவு ஆகாது.

அந்த ஸ்பொஞ்ச் வெறும் வடிகட்டி அன்று. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அதற்குள்ளேதான் குடியிருக்கின்றன. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகலாம். புதுத் தொட்டியில் விட்ட மீன் இரண்டாம் கிழமையில் காரணம் தெரியாமல் சாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. உங்கள் பழைய தொட்டியில் ஓடிய ஸ்பொஞ்சைப் புதுத் தொட்டிக்கு மாற்றினால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். ஸ்பொஞ்சைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரில் பிடிக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாகப் பிழியுங்கள். நம்முடைய கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் வன்மையானது, காரத்தன்மை கொண்டது. அப்படிப்பட்ட தண்ணீரிலும் நம் ஊர் வெக்கையிலும் அதே அளவு அமோனியா கூடுதலாக நஞ்சாகும். ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் மீன் வளர்ப்பவரைவிட நாம் இரையை அளந்து போட வேண்டியவர்கள்.

அதே வன்மையான தண்ணீர் கப்பிக்கும் பிளாட்டிக்கும் மொலிக்கும் நன்றாகவே ஒத்துவரும். திருகோணமலையில் தொடங்குபவருக்கு இவற்றை நான் முதலில் சொல்வது அதனால்தான். தண்ணீரை மாற்ற மருந்துகளுக்குச் செலவழிப்பதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்வது எவ்வளவோ நல்லது. குழாய்த் தண்ணீரைப் பாவிப்பதானால், எஞ்சிய ஒன்றரை அடி இடத்தில் 100 லீற்றர் பரல் ஒன்றை வைத்து, ஒரு முழு நாள் காற்று விட்டு, குளோரின் போன பின் எடுங்கள். பரலின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுவதை மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளைக் கலக்கியது என்பது நமக்குத் தெரியும். மீனுக்காகச் சேர்த்த தண்ணீர் அயலவருக்கு நோயைக் கொண்டுவரக் கூடாது.

இனிக் குஞ்சுகளுக்கு வருவோம். சினைப்பட்ட கப்பியின் வயிற்றின் பின்முனையில் ஒரு கரும்புள்ளி தெரியும். பிறப்பு நெருங்க அந்தப் புள்ளி அகன்று கறுக்கும். வயிறு பக்கவாட்டில் பார்க்கச் சதுரமாகத் தோன்றும். மீன் மற்றவற்றை விட்டு விலகி மூலையில் அசையாமல் நிற்கும். அப்போது அதை வேலம்பாசி நெருக்கமாக இட்ட தொட்டிக்கு மாற்றுங்கள். கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தாயை நாட்கணக்கில் அடைத்துவைப்பதை நான் விரும்புவதில்லை. அந்த நெருக்கடியில் சில தாய்கள் குறைப்பிரசவம் ஆகின்றன. குஞ்சு பிறந்ததும் தாயை எடுத்துவிடுங்கள்.

குஞ்சுகள் விரைவாக வளர்வதற்கு உயிர் இரையைப் போல எதுவும் உதவாது. ஒரு லீற்றர் போத்தலில் 25 கிராம் உப்பைக் கரைத்து, ஆர்டீமியா என்னும் மிகச் சிறிய உப்புநீர் இறாலின் முட்டை அரைத் தேக்கரண்டி இட்டு, அடியிலிருந்து பலமாகக் காற்று விட்டால், நமது வெப்பத்தில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும். பொரித்தவை கீழே கூடியிருக்கும். சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கால்மணி நேரம் கழித்து ஒவ்வொரு குஞ்சின் வயிறும் செம்மஞ்சள் மணி போல உப்பியிருக்கும். எந்தக் குஞ்சு தின்றது, எது தின்னவில்லை என்பதை வெறுங்கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தூள் இரையை இடையில் ஒரு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். அவித்த முட்டை மஞ்சட்கரு மலிவானதுதான். ஆனால் சற்றுக் கூடினாலும் அன்று மாலையே தண்ணீர் நாறிவிடும். குஞ்சுத் தொட்டியில் நாளாந்தம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்றுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் மேல்தட்டுத் தண்ணீர் 32 பாகையைத் தாண்டக்கூடும்; சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அந்நாட்களில் சினை மீன்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, வெயில் படும் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ஹீற்றர் நமக்குத் தேவையில்லை.

கேள்வி: பைட்டர் எனப்படும் சண்டை மீன் சோடியை மூன்று தடவை சேர்த்தேன். முதல் இரண்டு தடவை முட்டைகள் காணாமற் போயின. மூன்றாவது தடவை பொரித்த குஞ்சுகள் ஒரு கிழமைக்குள் எல்லாம் செத்துவிட்டன. என்ன காரணம்?
– வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: முட்டைகளைப் பெரும்பாலும் ஆண் மீனே தின்றிருக்கும். அமைதி குலைந்தாலும், முட்டை கருக்கட்டாமல் இருந்தாலும் அது அப்படிச் செய்யும்; முதல் தடவை தகப்பனாகும் மீன்களிடம் இது சாதாரணம். தண்ணீர் 12 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் போதும். காற்றுக் குமிழி வேண்டாம்; அது கூட்டைக் கலைத்துவிடும். நாட்டு வாதுமையின், அதாவது நம் கொட்டங்காய் மரத்தின், காய்ந்த இலை ஒன்றை மிதக்கவிட்டால் அதன் கீழே ஆண் நுரைக்கூடு கட்டும். பெண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இட்டு ஒரு நாள் ஆணுக்குக் காட்டுங்கள். பெண்ணின் உடலில் நிமிர்ந்த கோடுகள் தோன்றி, அது தலையைத் தாழ்த்தி நின்றால் திறந்துவிடலாம்.

ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றி அணைக்கும்போது முட்டைகள் வெண்மணலைப் போல உதிரும். ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே வந்து நுரைக்குள் உமிழும். கீழே விழுந்த ஒற்றை முட்டைக்காக அது எத்தனை தரம் இறங்கி ஏறுகிறது என்பதைப் பார்த்தவர்கள் அந்த மீனைப் பிறகு சண்டை மீன் என்று மட்டும் நினைக்க மாட்டார்கள். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் ஆண் அதைக் குதறிவிடும். ஒன்றரை நாள் அளவில் முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் வால் கீழே தொங்கக் கூட்டில் ஒட்டியிருக்கும். மேலும் இரண்டு மூன்று நாளில் அவை கிடையாக நீந்தத் தொடங்கும். அந்த நாளில் ஆணையும் எடுக்க வேண்டும்.

ஒரு கிழமைக்குள் செத்தவை பசியால் செத்திருக்கும் என்றே நினைக்கிறேன். பைட்டர் குஞ்சின் வாய் கப்பிக் குஞ்சின் வாயைவிட மிகச் சிறியது. கடைத் தூள் அதற்குள் நுழையாது. சோடியைச் சேர்ப்பதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பே, தொட்டித் தண்ணீர் நிரம்பிய போத்தலில் காய்ந்த வாழைச் சருகின் துண்டு ஒன்றை இட்டு யன்னலருகே வையுங்கள். தண்ணீர் முதலில் பால்போலக் கலங்கிப் பின் தெளியும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் நுண்ணுயிர்கள் ஊர்வது தெரியும். முதல் நான்கைந்து நாட்களுக்கு அதையே துளித்துளியாகக் கொடுத்து, பிறகு ஆர்டீமியாவுக்கு மாறுங்கள். தொட்டியை மூடியே வைத்திருங்கள். மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுகளுக்கு உருவாகும் கிழமைகளில், குறிப்பாக மாரி மழைக் குளிரில், திறந்த தொட்டி அவற்றுக்கு ஆகாது.

கேள்வி: கப்பிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. அவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாமா? செர்ரி பார்ப் என்னும் மீனையும் வளர்க்க ஆசை.
– மாணவர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: விடவே கூடாது, தம்பி. கண்ணாடி சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் வெளியே விட்ட டேங்க் கிளீனர் மீன் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் பரவி, வலைகளைக் கிழித்து மீனவருக்குத் தொல்லை தருகிறது. வளர்ப்பு மீனோடு அதன் நோயும் குளத்துக்குப் போய்ச் சேரும்.

செர்ரி பார்ப் நமது நாட்டுக்கே உரிய மீன். 1929ஆம் ஆண்டு இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதை விவரித்துப் பெயரிட்டார். தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில் நிழலும் மென்மையான தண்ணீரும் கண்டு வாழ்வது அது. ஓடையில் பிடித்ததை வாங்காமல், தொட்டியில் பிறந்தது என்று உறுதியானதை மட்டும் வாங்குங்கள். மழைத்தண்ணீரைக் கலந்து வளர்க்கலாம். ஆனால் கப்பியில் கை தேறிய பிறகு அதற்குப் போங்கள்.

பெருக்கத்தைக் குறைப்பதற்கு, மூன்று நான்கு கிழமையில் குஞ்சுகளைப் பார்த்துப் பிரிப்பதே வழி. ஆணின் அடிவயிற்றுச் செட்டை குச்சிபோல ஒடுங்கத் தொடங்கியிருக்கும். பெண்ணுடையது விசிறிபோலவே இருக்கும். அப்படித் தெரிந்த அன்றே ஆண்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கனவே ஆணோடு இருந்த பெண்களைப் பிரித்தாலும், அவை விந்தைச் சேமித்து வைத்திருப்பதால் இன்னும் சில மாதங்களுக்குக் குஞ்சு போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குஞ்சுகளுக்கும் ஒரு தொட்டியை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.