அப்பாவின் ஜனதா வாட்ச் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஹெச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை ஓய்வு பெற்ற பிறகும் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மறைந்தபின் அது அம்மாவின் பீரோவிலேயே இருந்தது. இப்போது அம்மா அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். சாவி கொடுத்தால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது. தட்டினால் மறுபடி ஓடுகிறது. செயின் என் கையில் வளையல்போலத் தொங்குகிறது. எங்கள் ஊர்க் கடையில் பாலிஷ் போட்டு, புது டயல் மாற்றி, செயினை வெட்டிப் பற்றவைத்து, புத்தம் புதிதாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் பணத்துக்கு வேறு வாட்சே வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. டயலில் 17 ஜுவல் என்று இருக்கிறதே, அந்தக் கற்களுக்காவது மதிப்பு உண்டா என்றும் கேட்கிறான். செயினைச் சிறிதாக்கலாமா, இவ்வளவு செலவு செய்யலாமா என்று சொல்லுங்கள்.

ம., கரூர்

அன்புள்ள ம.,

முதலில் ஒன்று. இந்தப் பதிலைப் படிக்கும் நேரத்திலிருந்து அந்த வாட்சுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்துங்கள். தட்டி ஓடவிடுவதையும் நிறுத்துங்கள். பல வருடங்கள் பீரோவில் கிடந்த கடிகாரத்துக்குள் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் நீங்கள் தட்டும்போதெல்லாம், தலைமுடி அளவே தடிமனுள்ள சக்கர அச்சுமுனைகள் எண்ணெயில்லாமல் அழுக்கோடு உரசித் தேய்கின்றன. ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் அப்பாவின் கையில் அத்தனை வருடம் தேயாத ஒன்றை, ஆசையால் சில நாட்களில் தேய்த்துவிடாதீர்கள்.

தம்பியின் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்த 17 கற்களும் செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் 1902இல் வெளியிட்ட முறை வந்தபின் அவை மலிவாகிவிட்டன. நகைக்கடையில் ஒரு ரூபாய்கூடத் தேறாது. பெரும்பாலும் அச்சுமுனைகள் அதிகம் உரசாமல் சுழல்வதற்கான வழவழப்பான குழிகள் அவை, அவ்வளவே. செலவைப் பொறுத்தவரை, புது வாட்ச் வாங்க முடியுமா என்றால் முடியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக. புது டயல் மாற்றித் தருவார்களாம் என்று, எண்ணெய் போட்டுத் தருவார்களாம் என்கிற அதே தொனியில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றித்தான் கொஞ்ச நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் கோயில்களில் மணலைப் பீய்ச்சித் தூண்களைச் சுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? எண்ணெய்ப்பிசுக்கும் சுண்ணாம்பும் போய்விட்டன. கூடவே சிற்பங்களின் விரல்நுனிகளும் கல்வெட்டெழுத்தின் கூர்மையும் போயின. பிறகு அதைத் தடை செய்தார்கள். மணலைப் பீய்ச்சியவர்கள் யாரும் கோயிலை வெறுத்தவர்கள் அல்லர். பளிச்சென்று இருந்தால்தான் மரியாதை என்று மனதார நம்பியவர்கள். அந்த நம்பிக்கையைத்தான் உங்கள் ஊர்க் கடைக்காரரிடமும் பார்க்கிறேன், மன்னிக்கவும், உங்களிடமும் பார்க்கிறேன்.

புது டயல் என்று அவர் சொல்வது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. உங்கள் அப்பா காலத்து டயல் இனி எங்கிருந்து வரும்? எங்கோ தேங்கிக் கிடந்த பழைய சரக்கு அபூர்வமாகக் கிடைக்கலாம். பெரும்பாலும் நடப்பது, ஒரு பழைய டயலைக் கரைசலில் போட்டு எழுத்தையெல்லாம் அழித்து, மேலே வண்ணம் தெளித்து, மறுபடி அச்சடிப்பதுதான். பழைய கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று முகம் சுளிக்கும் சரக்கில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே. ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தொழிற்சாலையில் அச்சான டயலில் நிமிடக் கோடுகள் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில், எண்களின் நடுமுதுகுக்கு நேராக நிற்கும். மறு அச்சில் கோடு ஓரிடத்தில் கொழுத்திருக்கும், ஓரிடத்தில் எண்ணை விட்டு விலகியிருக்கும். ஜனதா என்ற எழுத்தின் உட்குழிவுகள் மையால் அடைபட்டிருக்கும். ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று அந்தத் தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்களில் ஜனதாக்கள் விற்கின்றன. அவற்றில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அப்பாவின் வாட்ச் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

என் அப்பாவிடமும் ஜனதாதான் இருந்தது. கல்யாணத்தின்போது பெண் வீட்டில் போட்டது. ஒருமுறை ஊர்க் கிணற்றில் மோட்டார் பழுதாகி, கழற்றி வைக்க மறந்து வாட்சோடு இறங்கிவிட்டார். உள்ளே ஈரம் புகுந்து, 4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பிறைபோல ஒரு பழுப்புக் கறை விழுந்தது. திருநெல்வேலி சந்திப்பில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலைச் சாமணத்தால் தூக்கி ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோலில் இறக்கினார். மற்றப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து மூடி வைத்தார். டயல் மாற்ற வேண்டுமா என்று அப்பா கேட்டார். “எதுக்குய்யா? நம்பர் தெரியுதுல்லா? ஓடட்டும்” என்றார் அவர். கறை அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டபோது, சின்ன முள் கறையைத் தொட்டால் பள்ளி விடும் நேரம் என்றுதான் நான் படித்தேன்.

அதைவிட முக்கியமான ஒன்றை அன்று பார்த்தேன். மூடுவதற்கு முன் அவர் ஒரு கூரான ஊசியை எடுத்து, பின்மூடியின் உட்புறத்தில் கடுகைவிடச் சிறிதாகத் தேதியையும் தன் அடையாளத்தையும் கீறினார். அங்கே அதற்கு முன்பே வேறு கீறல்கள் இருந்தன. அவற்றில் சில அவருடையவை, ஒன்று யாரோ வெளியூர்க்காரருடையது. உலகமெங்கும் கடிகாரக்காரர்கள் செய்வதுதான் இது. எந்த வருடம் திறக்கப்பட்டது, யார் திறந்தார் என்பது அடுத்துத் திறப்பவருக்குத் தெரியட்டும் என்பதற்காக. வாட்சைக் கட்டியிருப்பவர் ஆயுள் முழுக்கப் பார்க்காமலே போகக்கூடிய ஒரு பதிவேடு அவருடைய மணிக்கட்டை ஒட்டியே இருந்திருக்கிறது.

அப்பா போன பிறகு, என்னை மகிழ்விக்க நினைத்து அண்ணன் அந்த வாட்சைப் பெருநகரக் கடை ஒன்றில் கொடுத்தார். பளபளவென்று திரும்பி வந்தது. வெள்ளை வெளேரென்ற டயல், கறை இல்லை. பின்மூடி லேசாக நெளிந்திருந்ததாம், அதையும் மாற்றியிருந்தார்கள். பழைய மூடி எங்கே என்று கேட்டதற்குக் குப்பையில் போட்டிருப்போம் என்றார்கள். அண்ணனை ஒன்றும் சொல்ல முடியாது, அன்பினால் செய்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் மீது எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. முள்ளைத் தவிர அதில் அப்பாவின் கண் பட்ட எதுவும் மிச்சமில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். உள்ளே தயங்காமல் மாற்றுங்கள். வெளியே கை வைக்காதீர்கள். இந்தக் கடிகாரம் விநாடிக்கு ஐந்து முறை துடிக்கிறது, ஒரு நாளைக்கு 4,32,000 முறை. அவ்வளவு உழைக்கும் ஒன்றுக்குள் தேய்மானம் நியாயமானது. சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருந்தால் அதற்கு எந்தப் பாசமும் காட்ட வேண்டியதில்லை, அதை உங்கள் அப்பாவே பார்த்ததில்லை. முழுவதுமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, புது எண்ணெய் இட்டு, தேய்ந்ததை மாற்றச் சொல்லுங்கள். வெறுமனே மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். பழைய அழுக்கில் புது எண்ணெய் கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். உதிரிக்கு இன்னொரு இறந்த ஹெச்.எம்.டி.யின் உறுப்பை எடுத்துப் போட்டாலும் தவறில்லை. ஆனால் டயலைத் துணியால் துடைக்கக்கூடக் கூடாது. ஈரம் பட்டால் அச்சு துணியோடு வந்துவிடும். ரப்பர் பந்தால் ஊதித் தூசியைத் தள்ளினால் போதும். மேலே உள்ள கண்ணாடி மட்டும் விதிவிலக்கு: அது உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்டிக், கீறல்களைத் தேய்த்து எடுக்கலாம், விரிசல் இருந்தால் புதிது போடலாம்.

பாலிஷ் பற்றியும் ஒரு வார்த்தை. பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று மட்டும் இருந்தால், பின்மூடிதான் எஃகு. உடல் பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய பித்தளை. பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் முதலில் போவது அந்த முலாம்தான். பளபளக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் மஞ்சள் தெரியும், நம் ஊர் வியர்வையில் அந்த மஞ்சள் கறுத்துப் பச்சைக் களிம்பு கட்டும். இப்போதே செயின் சேரும் காதுகளுக்கு இடையில் கொஞ்சம் களிம்பு இருக்கும். அதை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும், உலோகத்தின் மேல் எதுவும் செய்ய வேண்டாம். கரும்பலகைக்கு முன்னால் கையைத் தூக்கித் தூக்கி எழுதியவரின் வாட்சில் சாக்கட்டித் தூள் படிந்த மூலைகள்கூட இருக்கலாம், பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட செயின். வாட்சின் உடல் சுமார் 35 மில்லிமீட்டர் அகலம்தான், உங்கள் கைக்குப் பெரிதாகத் தெரியாது. செயினைச் சிறிதாக்குவதில் எந்தப் பாவமும் இல்லை, அப்பாவின் கைக்கும் யாரோ ஒருவர் அளவு பார்த்துத்தான் கொடுத்திருப்பார். ஆனால் வெட்டுவதும் பற்றவைப்பதும் வேண்டவே வேண்டாம். ஊசி கோத்த செயின் என்றால் கண்ணிகளின் உட்புறத்தில் சிறு அம்புக்குறிகள் இருக்கும், அந்தத் திசையில் தள்ளினால் ஊசி வெளியே வரும். மடிப்புத் தகட்டுக் கண்ணி என்றால் மடிப்பை மெல்ல நிமிர்த்திக் கழற்ற வேண்டும், அவசரப்பட்டால் தகடு முறியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் எடுத்தால் கொக்கி மணிக்கட்டின் ஓரத்துக்கு ஏறிக்கொள்ளும். கொக்கியில் சின்னத் துளைகள் வரிசையாக இருந்தால் கடைசி அரைக் கண்ணி வித்தியாசத்தை அங்கேயே சரிசெய்யலாம். சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், வெயில் காலத்தில் கை லேசாக வீங்கும். வாட்சையும் செயினையும் இணைக்கும் இரண்டு ஸ்பிரிங் ஊசிகளையும் புதிதாகப் போடுங்கள், அற்ப விலைதான். ஒன்று தெறித்தால் மொத்த வாட்சும் ரோட்டில் விழும். கழற்றிய கண்ணிகளை ஒரு உறையில் போட்டு உங்கள் பெயரை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

அந்தச் செயின் அப்பா வாங்கியபோது இருந்ததுதானா என்று அம்மாவிடம் கேளுங்கள். பிற்காலத்தில் மாற்றியது என்றால் அதைக் கழற்றிவைத்துவிட்டு, காதுகளின் இடைவெளியை அளந்து, பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் இருக்கும், நைலான் பட்டை போட்டுக்கொள்ளலாம். தோல் பட்டை அழகுதான், ஆனால் கரூர் வெயிலில் ஒரு கோடைக்குள் நாற்றம் பிடிக்கும்.

சரியான பின் தினமும் காலையில் ஒரே நேரத்தில், எதிர்ப்பு தெரியும்வரை சாவி கொடுங்கள், அதற்குமேல் திருகாதீர்கள். நாளைக்கு அரை நிமிடம் முன்னும் பின்னும் போனால் கடையைத் தேடி ஓட வேண்டாம், அது இந்த வயதுக்குக் கௌரவமான நடை. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கும். கைப்பையின் காந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். பாதுகாப்பாக வங்கி லாக்கரில் வைக்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பூட்டிய இருட்டில் அது மறுபடியும் பிசினாகத்தான் போகும்.

கொடுப்பதற்கு முன் டயலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறக்கும்போது கூடவே இருந்து பாருங்கள், அதன் உட்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா எந்தெந்த வருடம் சரிபார்க்கக் கொடுத்தார் என்பது அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. வேலை முடிந்தபின் இந்தக் கடிகாரக்காரரையும் தேதியைக் கீறச் சொல்லுங்கள். டயலையும் மூடியையும் மாற்றக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். புதிதாக்கினால்தான் மேடம் நன்றாக இருக்கும் என்று அவர் மறுபடி ஆரம்பித்தால், வாட்சை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிடுங்கள். திருச்சியிலோ கோவையிலோ பழைய பெட்டிக்கடைக் கடிகாரக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறிப் போனாலும் பரவாயில்லை.

அன்புடன்.